பாதுகாப்பா, மொழிபெயர்ப்பா? - அமெரிக்கப் பிலிப்பினோ நாட்டுப்புற நடனக் குழுக்களின் வரலாறு குறித்து ஒரு திறனாய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறிய பிலிப்பினோ மக்கள் நடத்திவரும் நாட்டுப்புற நடனக் குழுக்களின் வரலாறு பெரும்பாலும் 'பாதுகாத்தல்' என்னும் ஒரு வினையைச் சுற்றியே எழுதப்படுகிறது. தாயகத்தில் ஒரு மரபு இருந்தது; கடல் கடந்து வந்தோர் அதனைக் கைவிடாது உடன் கொண்டுவந்தனர்; தம் மக்களுக்குக் கற்பித்தனர் என்பது அவ்வரலாற்றின் வாய்பாடு. இது பொய்யன்று; ஆயின் போதாது. இக்குழுக்கள் செய்துவருவது பாதுகாப்பு என்பதினும் மொழிபெயர்ப்பு என்பதே பொருந்தும் என்பதும், அவை மூலமாகக் கொண்ட பனுவலே முன்னர் மொழிபெயர்க்கப்பட்ட ஒன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து. மொழிபெயர்ப்பு என்னும் சொல் இங்கு வெறும் உருவகமாக ஆளப்படவில்லை. தகலாகு, விசாயா, மரானாவோ மொழிச் சொற்கள் நடனத்தின் வழியே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் சென்று என்னவாயின என்பதும் இதனுள் அடங்கும்.

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் 1974இல் தோன்றிய 'சமாஹான்' என்னும் குழு இவ்வாய்வுக்கு நல்ல தொடக்கம். பிற நகரங்களின் குழுக்கள் ஒப்புநோக்கத் துணையாகின்றன.

1. ஆட்டமும் குடியேற்றமும்

1906இல் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற சிறு தொழிலாளர் கூட்டத்தோடு இக்குடியேற்றம் தொடங்குகிறது. 1920களில் கலிபோர்னிய வயல்களுக்கு வந்தோர் பெரும்பாலும் மணமாகாத இளைஞர். அவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. அத்தலைமுறைக்கும் ஓர் ஆட்டம் இருந்தது. ஆட்டம் ஒன்றுக்குப் பத்துச் சென்ட் கொடுத்துக் கூலிக்கு ஆடும் பெண்ணுடன் ஆடும் நடனக் கூடங்களில் அவர்கள் தம் வார ஊதியத்தைச் செலவிட்டனர். வெள்ளைப் பெண்களுடன் பிலிப்பினோ ஆடவர் ஆடுவதைப் பொறாத கும்பல்கள் 1930 ஜனவரியில் வாட்சன்வில் நகரருகே பல நாள்கள் தாக்குதல் நடத்தின. ஃபெர்மின் தொபெரா என்னும் இளந்தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். வெள்ளையரோடு கலப்புமணம் செய்வதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டம் 1933இல் 'மலாய் இனத்தார்'க்கும் விரிக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் பிலிப்பினோ குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேர் என்று குறைத்தது.

நடனக் குழுக்களின் வரலாறுகள் பலவற்றில் இவ்வத்தியாயம் இடம்பெறுவதில்லை. அவை 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. சான் டியேகோவுக்கு அதற்கு முந்திய வழி ஒன்றும் உண்டு. 1947ஆம் ஆண்டு இராணுவத் தள உடன்படிக்கையின்படி அமெரிக்கக் கடற்படை பிலிப்பினோ இளைஞரை நேரே சேர்த்துக்கொண்டது. நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்த வேலை அதிகாரிகளின் உணவறைப் பணியே. அக்குடும்பங்கள் கடற்படைத் துறைமுகமான சான் டியேகோவிலும் அதன் அருகிலுள்ள நேஷனல் சிட்டியிலும் நிலைகொண்டன. 1965க்குப் பின் செவிலியரும் மருத்துவரும் உறவினரும் வந்து சேர்ந்தனர். அவர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்தனர். பிள்ளைகளை அண்டை அயலார் முன் நிறுத்தத் தக்க ஓர் ஆட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. முன்னோர்க்கு வசையும் அடியும் பெற்றுத் தந்த உடலசைவு, பின்னோர்க்கு மதிப்புப் பெற்றுத் தரும் உடலசைவாக மாற வேண்டியிருந்தது. நாட்டுப்புற நடனம் அவ்விடத்தை நிரப்பியது.

இன்னொரு காரணம் மொழி சார்ந்தது. ஓர் ஊரில் குடியேறிய பிலிப்பினோ பெற்றோருள் இலோக்கானோ பேசுவோர், தகலாகு பேசுவோர், விசாயா மொழிகள் பேசுவோர் எனப் பலர் உளர். பிள்ளைகளின் ஆங்கிலம் குறைபடும் என்னும் அச்சத்தால் எம்மொழியையும் கற்பியாது விட்ட பெற்றோர் பலர். பொதுமொழி இல்லாத இடத்தில் பொது ஆட்டம் அமைந்தது. 'சமா' என்றால் உடன்சேர்தல், '-ஹான்' பின்னொட்டு. 'சமாஹான்' என்பதற்குச் 'சங்கம்' எனப் பொருள் கூறின் தவறாகாது.

2. மூலப்பனுவல்

இக்குழுக்கள் எதைக் கற்றன? சிற்றூர்ப் பாட்டியிடம் கற்றவர் மிகச் சிலர். பெரும்பான்மையோர் கற்றது பிரான்சிஸ்கா ரேயஸ் அக்கினோவின் (1899-1983) நூல்களையும், அவற்றின் வழிவந்த ஆசிரியரையும், பாயனிஹான் குழுவின் மேடை வடிவங்களையுமே.

அக்கினோ பிலிப்பைன்சுப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி ஆசிரியர். நாட்டுப்புற நடனங்களும் விளையாட்டுகளும் குறித்து 1926இல் முதுகலை ஆய்வேட்டை அளித்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹோர்ஹே போக்கோபோ 1934இல் அமைத்த குழுவின் சார்பில் தீவு தீவாகச் சென்று நடனம், இசை, உடை ஆகியவற்றைத் தொகுத்தார். நாடு விடுதலை பெற்ற 1946இல் தேசிய நடனங்கள் பற்றிய அவரது நூல் நியூயார்க்கில் வெளியாயிற்று. 1962இல் மகசேசே விருதும், 1973இல் நடனத்திற்கான தேசியக் கலைஞர் பட்டமும் பெற்றார்.

இந்நூல்களின் மொழி ஆங்கிலம். அமெரிக்க ஆட்சி 1901இல் நிறுவிய பொதுப் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமாதலின் இதில் வியப்பில்லை. நடைதான் நோக்கத்தக்கது. அக்கால உடற்கல்விக் கையேட்டின் நடை அது: ஏவல் வினைத் தொடர்கள், இசைப் பகுதிக்கு ஓர் எழுத்து, தாளத்திற்கு எண், வரிசைக்கு ஒரு படம். இவ்வாங்கிலத் தொடர்களுக்கிடையே சில சொற்கள் மட்டும் பெயர்க்கப்படாமல் நிற்கின்றன. 'சலோக்' என்றால் முகத்தல். கையை நீர் மொள்வதுபோல் கீழிருந்து மேலே வீசி உடலும் உடன் குனிவது. 'பிலாவ்' என்பது சுளகு. உள்ளங்கைகளை மாறிமாறி மேலும் கீழுமாகத் திருப்புவது. 'குமிந்தாங்' மணிக்கட்டைச் சுழற்றுவது. 'ஹயோன்-ஹயோன்' ஒரு முன்கையை இடுப்பின் முன்னும் மற்றதைப் பின்னும் வைப்பது. 'சலூதோ', 'அப்ரசேத்தே' போன்றவை இசுபானிய வழியின. தகலாகு, விசாயா, இசுபானியம் எனப் பல மொழிச் சொற்களை ஒரே கலைச்சொற் பட்டியலில் நிறுத்தி, அவற்றுக்கு ஆங்கில வரையறை தந்தவர் அக்கினோ. முன்னர் ஓரூர்ப் பேச்சில் வழங்கிய சொல், நாடு முழுமைக்கும் உரிய கலைச்சொல்லாயிற்று. மொழித் தரப்படுத்தத்தில் நாம் காணும் நிகழ்வே இது. ஓர் ஊரில் நான்கு விதமாக ஆடிய ஆட்டம் நூலில் ஒரு விதமாயிற்று.

எனவே மணிலாப் பள்ளிச் சிறுமியும் சான் டியேகோச் சிறுமியும் ஓர் ஆங்கிலத் தொடரிலிருந்தே கால்வைக்கக் கற்றனர். தாயகத்தில் மூலம் வாழ்கிறது, குடியேறிய நாட்டில் அதன் நிழல் வாழ்கிறது என்னும் பிரிப்பு இங்கு நிலைகொள்வதில்லை. குடியேறிய குழுக்களை 'அசலன்று' எனக் குறைகூறும் தாயகத் திறனாய்வாளரும், 'அசலே' எனப் பெருமை பேசும் குழுக்களும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

3. வகைப்பாடு

அடுத்த மொழிபெயர்ப்பு பாயனிஹானுடையது. ஊர்கூடி ஒருவர்க்கு உதவும் வழக்கத்தைக் குறிக்கும் சொல் அக்குழுவின் பெயராயிற்று. ஹெலேனா பெனிட்டஸ் 1957இல் பிலிப்பைன்சு மகளிர் பல்கலைக்கழகத்தில் இதனைத் தோற்றுவித்தார். லுக்ரேசியா ரேயஸ் ஊர்த்துலா நடனத்தையும் லுக்ரேசியா காசிலாக் இசையையும் அமைத்தனர். 1958இல் பிரசல்சு உலகக் கண்காட்சியிலும் 1959இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிலும் ஆடி உலகப் புகழ் பெற்றது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தேசிய நாட்டுப்புற நடனக் குழுவாக அறிவித்தது.

பாயனிஹான் நிலைபெறச் செய்த நிகழ்ச்சி அமைப்பு இன்றுவரை குடியேறிய குழுக்களின் அமைப்பாகவும், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஆண்டுதோறும் நடத்தும் 'பிலிப்பினோ பண்பாட்டு இரவு' நிகழ்ச்சியின் அமைப்பாகவும் விளங்குகிறது. நடனங்கள் 'சூட்' என்னும் கொத்துகளாகப் பகுக்கப்படுகின்றன: கோர்டிலேரா, மரியா கிளாரா, முஸ்லிம், பழங்குடி, நாட்டுப்புறம். இப்பகுப்பை ஓர் அகராதியியலார் பார்த்தால் முகம் சுளிப்பார். முதலாவது ஒரு மலைத்தொடரின் பெயர். இரண்டாவது ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட நாவலின் தலைவி பெயர். இசுபானியச் சாயலுடைய உயர்குடி ஆட்டங்களுக்கு அவள் பெயர் இடப்பட்டது. மூன்றாவது ஒரு சமயம். நான்காவது ஆட்சியாளர் பிறரைச் சுட்டிய சொல். ஐந்தாவது வாழிடம். பாகுபாட்டின் அடிப்படை ஒன்றாக இல்லை. ஆனால் நாட்டுப்புறக் கொத்தில் ஆடுவோர் கிறித்தவர் என்று யாரும் பெயரிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரிடுபவன் தன் வகைக்குப் பெயர் வைப்பதில்லை. (தகலாகில் பொருளையும் பொருத்தத்தையும் குறிக்கும் 'பகாய்' என்னும் சொல், மலாய் வழியே சென்ற நம் 'வகை' என்பர் சொற்பிறப்பியலார். இப்பகுப்பில் அந்தப் பொருத்தம் இல்லை.)

இதன் விளைவு ஒரே இரவில் புலப்படும். லகூனா மாகாணத்துப் பிஞ்ஞான் ஊரின் 'மக்லலத்திக்' ஆட்டத்தில் ஆடவர் தேங்காய்ச் சிரட்டைகளை உடலிற் கட்டித் தட்டிக்கொண்டு மோரோவரும் கிறித்தவரும் பொருவதுபோல் நடிப்பர். முஸ்லிம்கள் இங்கே எதிரிகள். சற்று முன் ஆடிய கொத்தில் அவர்களே அரசவை மாந்தர். இம்முரணைக் கண்டு வியக்கும் பார்வையாளரை நான் கண்டதில்லை. இடையில் உடை மாறுகிறது. கைதட்டல் இரண்டிற்கும் ஒன்றே.

4. பெயர்களின் உருபனியல்

நடனப் பெயர்கள் ஆஸ்திரோனேசியச் சொல்லாக்கத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். லெய்த்தே தீவின் 'தினிக்லிங்' ஆட்டத்தில் இருவர் மூங்கில்களைத் தட்ட, அவற்றிடையே மற்றவர் கால் சிக்காது துள்ளுவர். 'திக்லிங்' வயலில் நடக்கும் ஒரு பறவை. முதல் மெய்க்குப் பின் '-இன்-' என்னும் உள்ளொட்டு நுழைந்து 'அப்பறவை போல' என்னும் பொருளைத் தருகிறது. 'இத்திக்' வாத்து; 'இத்திக்-இத்திக்' வாத்தைப் போலி செய்வது; இங்கு இரட்டித்தல் போலிப்பொருள் தருகிறது. 'மக்லலத்திக்' என்பதில் 'மக்-' முன்னொட்டும் 'ல' என்னும் முதலசை இரட்டிப்பும் சேர்ந்து, தேங்காய்ப் பாலைக் காய்ச்சி 'லத்திக்' எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்னும் பெயரை ஆக்குகின்றன. கனடாவின் வின்னிப்பெக் நகரக் குழு ஒன்றின் பெயரான 'மக்டரகாட்' என்பதும் இவ்வாய்பாட்டினதே: 'டகாட்' கடல், இரட்டித்தபின் உயிர்களிடைப்பட்ட டகரம் ரகரமாகிறது, பொருள் கடலோடி.

தாயகத்தில் தகலாகு பேசும் சிறுவனுக்கு இவ்வாக்கங்கள் உயிருள்ளவை. புதுச் சொல்லையும் அவன் அவ்வாறு ஆக்கவல்லான். அமெரிக்காவிற் பிறந்த சிறுவனுக்குத் 'தினிக்லிங்' பகாப்பதம். பறவை பெயருக்குள் ஒளிந்துகொண்டது. ஆயினும் அவன் கால்களுக்கு அப்பறவை தெரியும் என்பதே இக்கலையின் விந்தை. இச்சிறுவரிடம் எஞ்சுவது இலக்கணமற்ற சொற்றொகுதி. மொழி இழப்பைப் பற்றிய ஆய்வுகள் வழிபாட்டுச் சொற்களையும் உணவுப் பெயர்களையும் கணக்கிடுகின்றன. நடனக் கலைச்சொற்களையும் அவற்றோடு சேர்க்க வேண்டும்.

இக்குழுக்கள் தம்மைக் குறிக்கும் இனப்பெயரும் மொழியியலார்க்கு உரியது. பண்டைத் தகலாகில் ஃபகர ஒலி இல்லை. தேசிய மொழிக்கு 1959இல் 'பிலிப்பினோ' எனப் பகரத்தால் பெயரிட்டனர். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனை 'ஃபிலிப்பினோ' என்றது. அமெரிக்காவிலோ, 1960களின் பிற்பகுதியில் மாணவர் இயக்கத்தார் காலனி ஆதிக்கத்திற்கு எதிரான அடையாளமாகப் பகர வடிவைக் கைக்கொண்டனர். 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய 'லிக்கா' குழு இன்றும் அவ்வடிவையே தன் பெயரிற் கொண்டுள்ளது. தாயகம் ஃபகரத்திற்குச் செல்ல, புலம்பெயர்ந்தோர் பகரத்தில் நின்றனர். தமிழில் நாம் இரண்டையும் 'பிலிப்பினோ' என்றே எழுதிவிடுகிறோம். இப்பத்தியில் மட்டும் ஆய்தம் இட்டு வேறுபடுத்த நேர்ந்தது. மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டை ஒலிபெயர்ப்பு நுணுக்கம் எனத் தள்ளிவிடலாகாது. அது ஓர் அரசியல் வரலாறு.

5. சிங்கில்

மொழிபெயர்ப்பிற்கு விலை உண்டு. அதனைப் பெரும்பாலும் மூலத்திற்கு உரியவரே கொடுக்கின்றனர். மின்டனாவோ தீவின் லனாவ் ஏரிப்பகுதி மரானாவோ மக்களின் 'சிங்கில்' இதற்குச் சான்று. குறுக்கு மறுக்காக வைத்துத் தட்டப்படும் மூங்கில்களிடையே அரசிளங்குமரி விசிறிகளுடன் முகம் அசையாது நடக்கிறாள்; குடை பிடிக்கும் பணிப்பெண் பின்தொடர்கிறாள்; வாளேந்திய இளவரசன் வருகிறான்; தாளம் விரைந்து சட்டென நிற்கிறது. குடியேறிய குழு எதுவாயினும் அதன் நிகழ்ச்சியின் உச்சம் இதுவே. இவ்வுச்சம் பாயனிஹான் மேடையில் உருவானது. மரானாவோ இசையறிஞர் உசோபாய் காடார், மணிலாக் குழுக்களின் இத்தகைய வடிவங்கள் தம் மக்களின் வழக்கைத் திரித்தன என வாதிட்டார். பார்பரா கேர்லன் 1999இல் எழுதிய கட்டுரை, முஸ்லிம்களை அயலான அரசவை மாந்தராகக் காட்டும் இப்பார்வை மணிலாவின் தேசியத்திலிருந்து அமெரிக்க மாணவரிடம் அப்படியே இறங்கியதைக் காட்டுகிறது. அக்கட்டுரையின் முடிபு எனக்கு உடன்பாடே. ஆனால் மாணவர் ஏன் அதனை விரும்பினர் என்னும் வினாவிற்கு அது போதிய இடம் தரவில்லை. இசுபானியரிடமும் அமெரிக்கரிடமும் பணியாத மூதாதை ஒருவரைத் தேடிய பிள்ளைகளுக்கு அவ்வரசகுமரி தேவைப்பட்டாள்.

அத்தேவை உண்மையானது, எனினும் அதற்கு மறுபுறமும் உண்டு. சமாஹான் தோன்றிய அதே 1974இன் பிப்ரவரியில், சூலுத் தீவுக்கூட்டத்தின் ஹோலோ நகரம் அரசப் படைகளுக்கும் மோரோ தேசிய விடுதலை முன்னணிக்கும் இடையே நடந்த போரில் எரிந்தது. மேடையில் முஸ்லிம் அரசவை ஒளிவீசிய ஆண்டுகளில், வாழும் முஸ்லிம்கள் வீடிழந்துகொண்டிருந்தனர்.

மொழி அளவிலும் இத்திரிபு தடம் விட்டுள்ளது. மரானாவோ வழக்கில் இந்நடனத்தின் பெயர் 'கசிங்கில்'. 'க-' என்பது தொழிற்பெயர் ஆக்கும் முன்னொட்டு. மேடை அதனை உதறிவிட்டு அடிச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது. வேறொரு நடனத்தில் இதற்கு மாறானது நிகழ்ந்தது. குழாய்வடிவத் துணியாகிய மலோங்கை உடுத்தும் விதங்களைக் காட்டும் ஆட்டத்தின் பெயரில் முன்னொட்டுப் பகுதியைப் பிரித்துக் 'கப்பா மலோங்-மலோங்' என இரு சொல்லாக அச்சிடுகின்றனர். கிரேக்க எழுத்துகளால் பெயர்பெற்ற மாணவர் சங்கங்கள் நிறைந்த அமெரிக்க வளாகத்தில் இக் 'கப்பா' என்னவாகப் படிக்கப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வாசகர்க்கு ஓர் எச்சரிக்கை. சிங்கில் கதை மரானாவோ காப்பியமாகிய 'டாராங்கன்' என்பதோடு தொடர்புறுத்தப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இந்தியவியலாளர் ஹுவான் பிரான்சிஸ்கோ, மரானாவோ மக்களிடையே வழங்கும் இராமகதையாகிய 'மகாராடியா லவானா'வை 1969இல் வெளியிட்டார். இவ்விரண்டையும் கலந்து அரசகுமரி கண்டிங்கானைச் சீதையாகவே காண்போர் உளர். இரண்டும் வெவ்வேறு பனுவல்கள். காட்டை அதிரச் செய்யும் 'திவாத்தா' என்னும் ஆவிகளின் பெயர் வடமொழித் 'தேவதா' என்பதிலிருந்து வந்தது உண்மையே. சொல் வந்ததனாற் கதையும் வந்ததாகக் கொள்ளுதல் நம் துறையில் பலமுறை கண்ட பிழை.

6. மூலத்தை நோக்கி

இதே அமெரிக்காவில் வேறொரு வழியும் இருந்தது. மகின்டனாவோ இசைக்கலைஞர் டனோங்கன் கலண்டுயன் 1976இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்கு வந்து, 2016இல் மறையும் வரை, எட்டுக் குமிழ்ச் சேகண்டிகளை வரிசையாக வைத்து இசைக்கும் 'குலிந்தாங்' கருவியைக் கற்பித்தார். 1995இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலைஞர் விருதைப் பெற்றார். அவரிடம் கற்றவர் 'பினாலிக்', 'சினுலோக்' எனத் தாளவகைகளின் பெயர்களைச் செவிவழியே அறிந்தனர். முன்பு கண்ட '-இன்-' வடிவம் இங்கும் உள்ளது. நூலும் மேடையும் இடைநிற்காமல் மூலமொழியாளர் ஒருவரிடமிருந்தே பெற்ற கல்வி இது. தாயகத்தில் பாயனிஹானிலிருந்து பிரிந்து 1972இல் தனிக்குழு கண்ட ரமோன் ஓபுசானும் (1938-2006) ஊர்மக்கள் ஆடுவதற்கு நெருங்கிய வடிவையே மேடைக்குத் தர முயன்றார். 2008இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் தோன்றிய 'பராங்கால்' குழு பழங்குடிச் சமூகங்களிடம் நேரிற் சென்று கற்பதை வழக்கமாகக் கொண்டுள்ளது.

இவ்வழி வந்த குழுக்களே உயர்ந்தவை, பிற தாழ்ந்தவை என நான் கூறவில்லை. சிற்றூரில் மூன்று வாரம் தங்கிக் கற்றதும் ஒரு மொழிபெயர்ப்பே. அங்கும் ஒருவர் ஒருமுறை ஆடியதைத்தான் கொண்டுவர இயலும். திறனாய்வாளன் கேட்க வேண்டியது அசலா, போலியா என்பதன்று. யாரிடமிருந்து, எவ்வாண்டில், யார் தொகுத்து, யார் மாற்றி அமைத்த வடிவம் இது என்பதைக் குழு தன் பார்வையாளர்க்குச் சொல்கிறதா என்பதே. நல்ல மொழிபெயர்ப்பு நூலின் முகப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் மூலநூற் பெயரும் இருக்கும். நடன நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் 'தொன்மையான மரானாவோ நடனம்' என்று ஒரு வரி மட்டுமே இருப்பின், அது மூலத்தையும் மறைக்கிறது. ஊர்த்துலாவின் கைத்திறனையும் மறைக்கிறது.

அண்மைக் காலத்துக் குறிப்பேடுகள் சிலவற்றில் 'கசிங்கில்' என்னும் முழுவடிவம் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. முன்னொட்டு திரும்பிவிட்டது. மூங்கில்கள் தட்டும் வேகம் மட்டும் பல மேடைகளில் இன்னும் பாயனிஹானுடையதாகவே உள்ளது.